இரண்டோடு எழும்பினவள்

“சோதினைப் பட்டியலில கொன்சியின்ர பேரை ஏன் சிஸ்டர் வெட்டினீங்கள்?”

சிஸ்டர் எமரன்சியா நிமிரவில்லை. உயர்தர வகுப்புக்கு இறையியல் படிப்பிக்கிறவர். மேசை நிறையத் திருத்தாத விடைத்தாள்கள்.

“வாசலில நிண்டு கத்தாதை. உள்ளுக்கு வா.”

ஜெனிற்றா உள்ளே வந்தாள். அந்தப் பாடத்தில் முதலாவதாக வருகிறவள். கொன்சி அவளுக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள்.

“வகுப்புக்கே வராதவளை என்ன செய்யச் சொல்லுறாய்?”

“நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போறாள் சிஸ்டர். தகப்பன் படுக்கையில.”

“தெரியும்.”

“மூண்டு பாடம் இல்லாட்டிச் சோதினை எழுதேலாது. இதை வெட்டினா அவளுக்கு ரெண்டுதான் மிச்சம்.”

“அதுவும் தெரியும். அதிபருக்கு நூறு வீதம் பாஸ் வேணுமாம். பெயிலாகிற பிள்ளையின்ர பேர் போகக்கூடாதாம். காலமையே போய்க் கத்திப்போட்டுத்தான் வந்தனான். நான் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைச்சால் விடுவாராம். நீயும் என்ர உயிரை எடுக்காதை.”

“அப்ப பொறுப்பெடுங்கோவன்.”

“எதை நம்பி?”

ஜெனிற்றா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“இப்பவே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். கேள்வி கேட்டுப் பாருங்கோ.”

“சரி. பத்துக் கேள்வி. பத்துக்கும் பதில் சொல்லட்டும்.”

“பத்துக்கும் நானே சொல்லமாட்டன். எட்டு.”

“எட்டு. போ.”

“கோவிக்காதேங்கோ சிஸ்டர். ஆறு சொன்னால்?”

“ஆறு.”

“இன்னும் ஒருக்கா வாய் திறக்கிறன். நாலு.”

“நீ என்ன மீன் சந்தையிலயோ பிறந்தனி?”

“அம்மா அங்கதான் விக்கிறவ. நாலு.”

“நாலு.”

“ரெண்டு.”

சிஸ்டர் பேனையை மேசையில் எறிந்தார்.

“ரெண்டு. கடைசி. எழும்பு.”

ஜெனிற்றா எழும்பினாள். பத்தை இரண்டாக்கிய முகம்.

விலையை இறக்கிய சந்தோசத்தில் பொருளைத் தட்டிப் பார்க்க மறக்கிற இடம் அது. போட்ட முதலெல்லாம் போவது அங்கேதான்.

“ஆபிரகாமும் உப்பிடித்தான்,” என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான். ஜெனிற்றாவுக்கு வாய் தானாக ஓடியது.

“தொடக்கநூல், பதினெட்டாம் அதிகாரம். சோதோம் நகரைக் கடவுள் அழிக்கவிருந்தபோது, அங்கே ஐம்பது நீதிமான்கள் இருந்தால் காப்பீரா என்று தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் ஆபிரகாம் பேரம் பேசினார். இதில் வெளிப்படும் பண்புகளாவன, ஒன்று, பணிவு…”

“நிப்பாட்டு. உதை நான்தான் உனக்குச் சொல்லித் தந்தனான். எனக்கே திருப்பி விக்காதை.”

ஜெனிற்றா நிறுத்தினாள்.

“பத்துப் பேருக்குக் கடவுள் ஓம் எண்டார். பிறகு?”

“ஆபிரகாம் வீட்டை போனார்.”

“ஊர்?”

“எரிஞ்சது.”

“ஏன் எரிஞ்சது? ஓம் எண்டவர்தானே.”

“பத்துப் பேர் இருக்கேல்லை, சிஸ்டர்.”

“கொன்சி ரெண்டுக்குப் பதில் சொல்லுவாளோ?”



போன ஞாயிறு கொன்சியின் வீட்டுக்குக் பாடக் கொப்பி கொண்டுபோனவள் ஜெனிற்றாதான். நண்டு ஓடு கிழித்த விரலால் கொன்சி ஒரு பக்கத்தைப் புரட்டினாள். மற்றப் பக்கம் வரமுதல் நித்திரையாகிவிட்டாள்.

“சொல்லுவாளோ எண்டு கேட்டனான்.”

“இல்லை.”

“ஒண்டுக்கு?”

“இல்லை, சிஸ்டர்.”

“அப்ப இவ்வளவு நேரம் மல்லுக்கட்டி என்னத்தை வெண்டனி?”



பியோன் சூசை வாசலில் வந்து நின்றார். கையில் சோதினைப் பேர் எழுதுகிற தாள்.

“சிஸ்டர், அதிபர் பேருகளைக் கேட்டு நிக்கிறார். கந்தோருக்குப் போற வானும் வெளிக்கிடப்போகுது.”

“வான் நிக்கும். பொறு.”

“எனக்கெல்லோ ஏச்சு விழும்.”

“எனக்கு விழாததோ? பொறு எண்டால் பொறு.”

அவர் பொறுத்தார்.

ஜெனிற்றா போகவில்லை. கதிரையைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். திரும்பவும் இருந்தாள்.

“இனி என்ன?”

“ஒண்டுமே சொல்லாட்டி, சிஸ்டர்?”

“என்ன?”

“ஒரு கேள்விக்கும் அவள் பதில் சொல்லேல்லை எண்டு வைப்பம். அப்பவும் பொறுப்பெடுப்பியளோ?”

சிஸ்டர் சூசையிடம் கையை நீட்டித் தாளைப் பறித்தார். எறிந்த பேனையைத் தேடி எடுத்துக் கொன்சியின் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“பத்தோட நிக்காமல் ஆபிரகாமும் இதைக் கேட்டிருக்கலாம்,” என்றார்.