நூறாண்டுக் கொடி

பிரான்சின் தெற்கே, கொர்பியேர் மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம். நூறு வயதுக் கொடிகளில் காய்ப்பு குறைந்துவிட்டதாம்! முதலாளி அத்தனையையும் பிடுங்கிவிட்டு இளங்கொடி நட்டார். சிவப்பு ஒயின் பாட்டிலில் 'நூறாண்டுக் கொடி' என்ற லேபிளை மட்டும் பிடுங்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்துப் பாரிஸ் வியாபாரிகள் வந்து, "அந்தக் கொடிகளைப் பார்க்கணுமே" என்றார்கள். அவர்களுக்காகக் கறி சுட்டுக்கொண்டிருந்தான் கூலியாள் சவரிராயன், காரைக்கால்காரன். முதலாளி அவன் காதோடு சீறினார்: "எதையாவது காட்டிச் சமாளி. இல்லாவிட்டால் உனக்கு வேலை இல்லை."

சவரிராயன் பணிவாக அடுப்பைக் காட்டினான். "இதோ எரியுதுங்களே, இதுதாங்க அந்தக் கொடிக்கட்டை. அஞ்சு வருஷமா எரிச்சும் தீரலை."

வியாபாரிகள் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சவரிராயனுக்கு அன்றே வேலை போயிற்று. போகும்போது ரெண்டு கட்டையைத் தூக்கிக்கொண்டான். குளிர்காலம் வருகிறது, அவனுக்கு வேறு நாதியில்லை.