பொங்கியண்ணனின் கரண்டுக் கார்

சத்தியமங்கலத்தில் ஓர் ஓட்டல் வாசலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைக் காரைப் பார்த்ததும் சாந்தாமணி ஜீப்பை ஓரங்கட்டினாள். அவள் தாளவாடி மலையில் மாட்டு டாக்டர். மலைத்தடத்தில் ஓடி ஓடி அவளுக்கும் ஜீப்புக்கும் சேர்ந்தே இடுப்பு கழன்றிருந்தது. ஜீப்பைத் தள்ளிவிட்டு விலை உசந்த கரண்டுக் கார் ஒன்று எடுக்கலாம் என்று அவளும், அது பாதி மலையில் காலை வாரிவிடும் என்று வீட்டுக்காரரும் இழுபறி. சாயங்காலம் ஷோரூமுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டுகிறவர் வாயால் நல்லது கெட்டதைக் கேட்டுவிடுவது தேவலை என்று, வாசல் மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த அந்தக் காரின் சொந்தக்காரரிடம் போனாள்.

அவர் மஞ்சள் மண்டி பொங்கியண்ணன். உண்மையை உப்புக்குக்கூடச் சேர்த்துக்கொள்ளாத மனுசன் என்பது அவளுக்குத் தெரியாது.

"வேகம் எப்படிங்கண்ணா?"

"அதை ஏனுங்க அம்மணி கேக்கறீங்க. பெருந்துறையில மிதிச்சேன், அவிநாசி வந்துருச்சு. என் நெழலு பின்னாடியே ஓடியாந்து, மூச்சு வாங்கிட்டு அப்பறமா வந்து ஒட்டுச்சு."

பக்கத்து மேசையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் முனிராஜ் நிமிர்ந்து பார்த்தான். "சத்தம் கேக்காதுங்களாண்ணா?"

"சத்தமா? ஓடுதா நிக்குதான்னே தெரியாது. ஒரு மயிலு, வண்டி நிக்குதுன்னு நெனச்சு பானெட்டுல முட்டை வெச்சுருச்சு. ஊட்டி போய்த் திரும்பறதுக்குள்ள குஞ்சு பொரிச்சு எறங்கிப் போச்சு."

"ஊட்டிக் குளுருலயா பொரிச்சுது?" என்றான் முனிராஜ்.

"பொரிச்சுதே. குஞ்செல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டுத்தானே எறங்குச்சு."

சாந்தாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார்ஜ் நிக்குமுங்களா?" என்றாள்.

"எறக்கத்துல தானா ஏறுமுங்க. திம்பத்துல இருந்து எறங்குனேன், பண்ணாரி வரைக்கும் ஏறுன சார்ஜு பேட்டரி கொள்ளாம வழிஞ்சுது. கீழ ஒரு கல்யாண மண்டபத்துல கரண்டு போயி இருட்டா இருந்துச்சு. வயரைக் குடுத்தேன். கிரைண்டர் சுத்துன சுத்துல உளுந்து போட்டவங்க வடையா எடுத்தாங்க. லைட்டு வெளிச்சத்துல பொண்ணோட தாத்தாவுக்கு நரைமுடி கருத்துப் போச்சு. அவரையே மாப்பிள்ளைன்னு மணையில ஒக்கார வெச்சுட்டாங்க, நான்தான் போய் எழுப்பி வுட்டேன்."

முனிராஜ் பஜ்ஜியைக் கீழே வைத்தான். "குறைன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இருக்குது. ஊர்ப்பட்ட கண்ணு படுது."

சாந்தாமணிக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. வலிக்கிற இடத்தை மாடு சொல்லாது. அங்கங்கே அமுக்கித்தான் பார்க்க வேண்டும். இவரையும் அமுக்கிப் பார்த்தாள்.

"அப்ப சரிங்கண்ணா. ஜீப்பை இன்னைக்கே குடுத்தர்றேன். புது வண்டியில புள்ளைக, மருந்துப்பெட்டி எல்லாம் ஏத்தி, ஏசி போட்டுக்கிட்டு, பாதி சார்ஜுலயே மலையேறிக்கறேன். காட்டுல நின்னு யானை வந்தா உங்க பேரைச் சொல்லிக்கறேன்."

பொங்கியண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சுண்டிவிட்டது.

"அம்மணி, அப்படிப் பண்ணிப்போடாதீங்க. ஏத்தத்துல சார்ஜ் மளமளன்னு எறங்கிரும். மேல போயி சார்ஜ் போட எடம் தேடணும். கெடச்சாலும் ஏற நேரமாகும். வயிறு தாழ்வான வண்டி, கல்லுத் தடத்துல அடி தட்டும். அடியில இருக்கறது பேட்டரி. கனத்துக்கு டயரும் சீக்கிரம் தேயுது. ஏதாச்சும் கெட்டா கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரோணும்."

"நல்லதே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. உள்ள ஒக்காந்தா தொட்டில்தான். மிதிச்ச ஒடனே பாயும். எறக்கத்துல கொஞ்சம் சார்ஜ் நெசமாவே திரும்பும். தார் ரோட்டுக்கு ராஜா. உங்க மாட்டுத் தடத்துக்கு ஜீப்பை வித்துப்போடாதீங்க."

சாந்தாமணி அங்கேயே ஷோரூமுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாலு பேர் முன்னால் நெசம் பேசிவிட்ட வெட்கம் பொங்கியண்ணனைச் சும்மா இருக்கவிடவில்லை.

"ஆனா ஒண்ணுங்க அம்மணி. இந்த வண்டி வந்து நின்னுச்சுன்னா, படுத்த படுக்கையா கெடக்கற மாடுகூட ஊசி போடாமயே எந்திரிச்சுரும்."

"எந்திரிச்சுத்தானுங்கண்ணா ஆவோணும்" என்றாள் சாந்தாமணி, ஜீப்பில் ஏறிக்கொண்டே. "வண்டியைக் கட்டி இழுக்க அங்க வேற யாரு இருக்காங்க?"