மருதியின் தடித்த சுவர்

அந்தக் காலத்தில், சேற்றுக்குள் கிடக்கும் ஜீவன்களுக்கும் வாய் இருந்தபோது, ஒரு குளத்தங்கரையில் பாக்டீரியா ஜனங்கள் குடியிருந்தார்கள். யாருக்கும் நிறம் கிடையாது. தண்ணீருக்குள் தண்ணீராக இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாளா என்று தெரிய வேண்டுமானால் போய் இடித்துப் பார்க்க வேண்டும். இடி வாங்கியவள் திட்டினால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்களுக்குள் பிரசவம் என்பது எளிது. ஒருத்தி வளர்ந்து, நடுவில் ஒரு சுவரை எழுப்பி, இரண்டாகப் பிரிந்துவிடுவாள். அப்படிப் பிரிந்தவர்கள்தான் மருதியும் நாச்சியும். இருவருக்கும் குச்சிபோல் நீண்ட உடம்பு. யார் மூத்தவள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் பிரிந்ததும் முதலில் வாயைத் திறந்து, "தள்ளிப் படு" என்றவள் மருதி. அதனால் அவள் அக்காவாகிவிட்டாள்.

உடம்பைச் சுற்றிச் சுவர் வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. மருதி பயந்த சுபாவம். சர்க்கரைச் சரடுகளை வலைபோல் பின்னினாள். அதன்மேல் இன்னொரு வலை, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனாள். நாச்சி ஒரே ஒரு மெல்லிய வலையைச் சுற்றி, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள மேலாடை ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள்.

"ஏன்க்கா, இவ்வளவு சுவரையும் சுமந்துக்கிட்டு எங்க போகப் போற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எங்கயும் போகல. வேண்டாதவங்க உள்ள வராம இருந்தாப் போதும்."

"நான் வந்தா?"

"நீ வந்தா இளக்கிக் குடுக்கறேன். கேக்குறா பாரு கேள்வி."

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. ஓர் உடம்பிலிருந்து பிரிந்தவர்களுக்கு அந்தச் சேற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து வந்தால் இருவரும் ஒட்டி நின்று, தொடுகிற பக்கத்துச் சுவரை இளக்கிவிட வேண்டும். பழையபடி ஓர் உடம்பாக நின்று, வருவதைச் சேர்ந்து தாங்க வேண்டும். அதற்கு இளக்கம் கொடுப்பது என்று பெயர்.

குளத்தின் ஒரு கரையில் சாயக்காரர் ஒருவர் வேலை செய்தார். மறுகரையில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் சாராயம் காய்ச்சினார்; அதாவது, ஊருக்கே தெரியும். ஒரு மழைநாளில் சாயக்காரரின் ஊதாத் தொட்டி உடைந்து குளத்தில் கலந்தது. சாயத்தை நூலில் கெட்டியாகப் பிடிக்க வைக்கும் பழுப்புத் தண்ணீரும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

சேற்று ஜனம் முழுக்க ஊதாவாகிவிட்டது. மருதி முதல்முறையாகத் தன் தங்கையைக் கண்ணால் பார்த்தாள்.

"இப்படியா இருக்க நீ?" என்றாள்.

"உன்ன மாதிரியேதான் இருக்கேன்," என்றாள் நாச்சி. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இனி யாரையும் இடித்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கு மருதிக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடிக்க முடியாது.

அது நிலைக்கவில்லை. அதிகாரிகள் வருகிறார்கள் என்று யாரோ புரளி கிளப்ப, சாராயக்காரர் பானைகளையெல்லாம் குளத்தில் கவிழ்த்துவிட்டு, குளிக்க வந்தவர்போல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டார். சாராயம் சேற்றில் இறங்கியது. பட்ட இடத்தில் எண்ணெய் கரைந்தது, நிறம் கழன்றது.

மருதியைப்போன்ற தடித்த சுவர்க்காரர்களும் மிரண்டுபோனார்கள். உருண்டை உடம்புக்காரர்களில் சிலர் வரிசையாகக் கைகோத்துக்கொண்டார்கள். சிலர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொத்தாகக் கிடந்தார்கள். குச்சி உடம்புக்காரன் ஒருவன் தன் உயிரையெல்லாம் சுருட்டி, உள்ளே ஒரு விதையாக்கி ஒளித்துவைத்தான்.

நாச்சி ஓடிவந்து அக்காவின் சுவரில் சாய்ந்தாள். மேலாடை கரைந்து வழிந்துகொண்டிருந்தது. "அக்கா, இளக்கம் குடு. நெறம் போகுது."

மருதிக்குக் கேட்டது. இளக்கினால் தன் நிறமும் போய்விடும் என்று நினைத்தாள். நானும் நிறமில்லாமல் போனால் இவள் என்னை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் முதலில் வந்தது முதல் நினைப்பு. அவள் சுவரை இளக்கவில்லை, இறுக்கினாள். வலைக் கண்கள் எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டன. ஊதா உள்ளேயே தங்கிவிட்டது. நாச்சியின் ஒற்றை வலையால் எதையும் பிடித்துவைக்க முடியவில்லை. அவள் மறுபடியும் தண்ணீராகிவிட்டாள்.

சாயக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு குளத்தில் இறங்கினார். ஊதா போன துக்கத்தில், கையிலிருந்த சிவப்புச் சாயக் குடத்தையும் நழுவவிட்டார். சிவப்பு எல்லோர்மேலும் படிந்தது. ஊதா கழலாத தடித்த சுவர்க்காரர்கள்மேல் விழுந்தது வெளியே தெரியவில்லை. வெறும் உடம்பாக நின்றவர்கள் சிவந்துபோனார்கள்.

மருதியின் முன்னால் சிவப்பாக ஒருத்தி வந்து நின்றாள். மருதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யாருங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

நாச்சி ஓர் அடி பின்வாங்கினாள். "நேத்துவரைக்கும் நீயும் நானும் ஒரே உடம்புக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சிவப்பு ஜனங்களோடு போய்விட்டாள்.

குரலைக் கேட்ட பிறகுதான் மருதிக்கு உறைத்தது. அவசர அவசரமாகச் சுவரை இளக்கப் பார்த்தாள். இறுகியது இறுகியதுதான்.

அதன்பிறகு இரண்டு ஜனமும் தனித்தனி ஆனார்கள். ஊதாக்காரர்களில் சிலர் பால் பானைக்குள் புகுந்து தயிர் தோய்க்கப் பழகினார்கள். சிலர் மனிதர்களின் புண்ணிலும் தொண்டையிலும் போய்ச் சண்டை வளர்த்தார்கள். நாச்சிக்கு எண்ணெய் மேலாடை மறுபடி வளர்ந்தது. பல விஷங்கள் அதைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. மேலாடை இல்லாத மருதியின் சுவரைப் பூஞ்சையின் விஷம் சுலபமாக எட்டிப்பிடித்து அரித்தது. இவ்வளவு கனமான சுவர் எதற்கு உதவியது என்று அவளே சலித்துக்கொண்டாள்.

மருதிக்கு வயதாயிற்று. பின்னிய வலைகள் நைந்தன. அத்தனை நாள் பொத்திவைத்த ஊதா, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்தது. கடைசிச் சொட்டும் போன பிறகு, அடியில் சிவப்பு இருந்தது. அன்றைக்கு அவள்மேலும் விழுந்து, ஊதாவுக்குள் தெரியாமல் கிடந்த அதே சிவப்பு.

அந்தப் பக்கம் வந்த நாச்சி, தன்னைப்போலவே ஒரு கிழவி கிடப்பதைப் பார்த்தாள். நின்றாள். பக்கத்தில் போய் ஓர் இடி இடித்தாள்.

"தள்ளிப் படுக்கா," என்றாள்.

மருதி தள்ளிப் படுத்தாள்.

அன்று முதல்தான், சோதனைக்கூடக் கண்ணாடியில் பாக்டீரியாவைத் தடவி, இனம் பிரித்துப் பார்க்க ஊதாவும் பழுப்பும் சாராயமும் சிவப்பும் வரிசையாக ஊற்றிக் கழுவும்போது, கிராம் பாசிட்டிவ் என்ற பெயரோடு மருதியின் வம்சம் சங்கிலியாகவும் கொத்தாகவும் குச்சியாகவும் ஊதா நிறத்தில் நிற்கிறது. நாச்சியின் வம்சம் சிவந்து நிற்கிறது. மருதி வீட்டில் சுவர் நைந்துபோன கிழவிகள் மட்டும், பார்க்கிறவர்களைக் குழப்பிவிட்டு, தங்கையின் நிறத்தில் தெரிகிறார்கள்.