முதுகு மண்ணில் பட்ட பிறகு

பிலவ ஆண்டு ஐப்பசி முதல் நாள், பொழுது விடிந்து மூன்று நாழிகை. அரண்மனைக் கோதாவில் பன்னிரண்டு மல்லர்கள் உடம்பெல்லாம் செம்மண் பூசி வரிசையாக நின்றார்கள். வரிசையின் முன்னால் நின்ற மல்லர் தலைவர் பெயர் வச்சிரபாகு. இன்றைக்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்திய கதை இது. மேல்குன்ற நாட்டை அப்போது சிங்கமராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். மல்யுத்தம் நடந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அன்றைய மோதல் முடிந்ததும் அரசர் எழுந்து சொன்னார்: "மார்கழியில் இளவரசி நரிக்கணவாய் வழியாகக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறாள். ஈட்டிக்காரர், தடிக்காரர் யாரும் வேண்டாம். இந்தப் பன்னிரண்டு பேர் வெறுங்கையோடு காவல் போகட்டும்."

பக்கத்தில் நின்ற அமைச்சர் பொன்னம்பலவாணருக்கு அறுபது கடந்துவிட்டது. இளவரசியைத் தொட்டில் நாளிலிருந்து பார்த்தவர். "மகாராஜா, கணவாயில் கள்வர் நடமாட்டம் உண்டு" என்றார்.

அரசர் எதற்கெடுத்தாலும் இந்தக் கிழவரைக் கேட்பது வச்சிரபாகுவுக்கு நெடுநாளாக உறுத்தல். "மந்திரியாருக்குத் தொடை நடுங்குகிறது. பல்லக்கில் அவரையும் ஏற்றிக்கொள்ளலாம், இடம் இருக்கும்" என்றார்.

அரசருக்குச் சிரிப்பு வந்தது. "அமைச்சரே, நான் செய்வது தவறென்றால் இந்த மாதம் முடிவதற்குள் என் கண்முன் காட்டும். இல்லையென்றால் உம் பதவியின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வச்சிரபாகுவிடம் கொடுத்துவிடும்."

அமைச்சரை மோதிரத்தைவிட வேறொன்று குடைந்தது. கோதாவில் செல்லும் பிடி காட்டில் செல்லுமா, செல்லாதா? உண்மையில் அவருக்கே தெரியாது. மறுநாளிலிருந்து கோதா ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணில் விரலை விட்டால் என்ன செய்வீர்?"

"அது கூடாது" என்றார் வச்சிரபாகு.

"கடித்தால்?"

"அதுவும் கூடாது."

"ஒருவனை அமுக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் வந்தால்?"

"மந்திரியாரே, கோதாவுக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடியும்."

அமைச்சர் போகவில்லை. மல்லர்களின் பிடி அவரை அசத்தியது. அகப்பட்டவன் ஆனைக்குட்டியாக இருந்தாலும் அசைய முடியாது போலிருந்தது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் முதுகு மண்ணில் பட்டதும் வென்றவர் பிடியை விட்டு எழுந்து, அரசரின் ஆசனத்தை நோக்கித் தலைக்குமேல் கைகூப்ப வேண்டும். அரசர் வராத நாளிலும் வெறும் ஆசனத்தைக் கும்பிட்டார்கள். அதைப் பார்த்தபின் அமைச்சர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மாதக் கடைசியில் சபை கூடியது. அமைச்சர் மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "மகாராஜா, இன்றைக்கு நான் கள்வன். தங்கள் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சபை வாசலைத் தாண்டப் போகிறேன். வச்சிரபாகு என்னைத் தடுக்கட்டும்."

சபை சிரித்தது. வச்சிரபாகுவுக்குச் சற்றே சங்கடம். "கிழவருக்கு எலும்பு முறிந்தால் என்மேல் பழி வரக்கூடாது."

"வராது" என்ற அமைச்சர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வச்சிரபாகு ஒரே எட்டில் இடுப்பைப் பிடித்து, தூக்கி, விரிப்பின்மேல் மல்லாத்தினார். உடனே பிடியை விட்டு, அரசரை நோக்கித் திரும்பிக் கைகூப்பினார்.

அமைச்சர் முனகிக்கொண்டே எழுந்து, முதுகைப் பிடித்தபடி பெட்டியோடு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

"இது செல்லாது. முதுகு தரையில் பட்டுவிட்டது" என்றார் வச்சிரபாகு.

வெளியிலிருந்து அமைச்சரின் குரல் வந்தது. "அதைக் கள்வனிடம் யார் சொல்வது?"

அரசர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. "இன்னொரு தடவை" என்றார். "இம்முறை நான் சொல்லும்வரை விடாதேயும், வச்சிரபாகு."

அமைச்சர் திரும்பி வந்து, மறுபடி பெட்டியை இடுக்கிக்கொண்டு நடந்தார். வச்சிரபாகு இம்முறை விடவில்லை. அமைச்சரைக் குப்புறத் தள்ளி, கையை முறுக்கி, முழங்காலால் அழுத்தினார்.

"அமைச்சரே, எழுந்திரும் பார்ப்போம்."

"சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை, மகாராஜா. பிடி என்றால் இதுதான் பிடி." அமைச்சர் மெய்யாகவே வியந்துதான் சொன்னார்.

அப்போது அரசருக்குச் சாமரம் வீசிய பூங்காவனம் சாமரத்தைக் கீழே வைத்தாள். நேரே வந்து, அமைச்சர் பக்கத்தில் கிடந்த பெட்டியை எடுத்தாள். வச்சிரபாகு கையை எடுத்தால் கிழவர் நழுவிவிடுவார். எடுக்காவிட்டால் பெட்டி போய்விடும். அவர் யோசிப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

"நீயுமா?" என்றார் அரசர்.

"அமைச்சர்தான் கூட்டு சேர்த்துக்கொண்டார், மகாராஜா. நாங்கள் இரண்டு கள்வர்கள்" என்றாள் பூங்காவனம்.

அரசர் வச்சிரபாகுவிடம் பிடியை விடச் சொன்னார். பிறகு, "அப்படியானால் மல்யுத்தம் உதவாதா?" என்று கேட்டார்.

"உதவும். ஒருவனைப் பிடித்து வைக்க அதற்கு நிகர் கிடையாது. ஆனால் பிடித்து வைத்திருக்கும்வரை பிடித்தவரும் அங்கேயே கட்டுண்டு கிடக்கிறார். அவர் முதுகைக் காக்க ஒரு தடிக்காரர் வேண்டும். அப்புறம் அந்தக் கும்பிடு."

"எனக்கு அந்தக் கும்பிடு பிடித்திருந்தது" என்றார் அரசர், கொஞ்சம் வருத்தத்தோடு. ஆனாலும் அன்றே அதை நிறுத்தினார். தம் கழுத்து முத்துமாலையை அமைச்சருக்கு அணிவித்தார். வச்சிரபாகுவிடம், "கிழவரின் முதுகு சரியாகும்வரை தினமும் அவர் வீட்டுக்குப் போய் நீரே எண்ணெய் தேய்த்து நீவிவிடும்" என்றார்.

"கஞ்சியும் தருகிறேன்" என்றார் அமைச்சர்.

அவ்வாண்டு மார்கழி ஒன்பதாம் நாள் பன்னிரண்டு மல்லர்களும் பன்னிரண்டு தடிக்காரர்களும் காவல் வர, இளவரசி நரிக்கணவாயைக் கடந்தார். கள்வர் நால்வர் பிடிபட்டனர். வச்சிரபாகுவுக்கு இடது தோளில் காயம். இளவரசி உச்சிப் பொழுதுக்குக் கோயில் சேர்ந்தார்.