வெள்ளைக்கரடிக் கப்பலின் பாய்மரம்

எங்கள் சிப்பியடிக் கோயில் கொடிமரம் ஒரு காலத்தில் ருஷ்யப் போர்க்கப்பலில் பாய் தாங்கிய மரம். இதை நம்பாதவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மரத்தைக் கொண்டுவந்தவர் என் பூட்டன் சவரியான் மோத்தா. அதனால் திருவிழாக் கொடி ஏறும்போது கயிற்றில் முதல் கை எங்கள் வீட்டுக் கை. தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார், இப்போது கயித்தான் மோத்தாவாகிய நான் பிடிக்கிறேன். போன மழையில் மரத்தின் அடி உளுத்து, சாய்ந்துவிட்டது. உடனே கம்பிக்கடை பிரகாசி மச்சாது, கோயிலுக்கு இரும்புக் குழாய் தருகிறேன் என்று முன்னால் வந்தான். சும்மா தருவானா? கொடிமரம் யார் கொடுத்ததோ அவர்கள் வீட்டுக்குத்தான் கயிறு. அது ஊர் வழக்கம்.

இந்த மச்சாது யாரென்றால், என் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று, "குழம்புல உப்பு கூடிப்போச்சு" என்று சொன்னவன். நான் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். அதை இன்னும் மறக்கவில்லை. உப்பு சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மீன் ஏலம் முடிந்ததும், சாய்ந்த மரத்தைச் சுற்றி ஊர் கூடியது. ஏலம் கோயில் வாசலில்தான் நடக்கும். அதுவும் ஊர் வழக்கம். எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி ஊருக்குப் புதியவர், மலைப்பக்கத்துக்காரர்.

"கயித்தான், மரம் உளுத்துட்டு. குழாய் வச்சா என்ன?" என்றார்.

"சாமி, இது எந்தக் கப்பல் மரம்னு தெரிஞ்சா அப்படிக் கேக்கமாட்டீங்க."

"ஆரம்பிச்சிட்டாரு மாமா" என்று மீன்காரி எஸ்தாக்கி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

நான் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டேன்.

"அந்தக் கப்பலுக்கு ருஷ்யப் பேரு ஒண்ணு உண்டு. பக்கவாட்டுல எழுதியிருப்பான். கப்பல் மூக்கு திங்கக்கிழமை துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சா, பேரோட கடைசி எழுத்து வந்துசேர வியாழக்கிழமை ஆகும். நம்ம ஆளுங்க வெள்ளைக்கரடின்னு சுருக்கிட்டாங்க. அதைக் கட்ட ஒரு முழுக்காட்டை வெட்டினான். வெட்டி முடிச்சுப் பாத்தா காட்டுக்கு அந்தப்பக்கம் இன்னொரு நாடு! அதுவரைக்கும் ருஷ்யாக்காரனுக்கே தெரியாது. அந்த நாட்டோடதான் முதல் சண்டை. கப்பலைத் தண்ணியில இறக்கின அன்னைக்கு, இங்க சிப்பியடியில கடல் பொங்கி இந்தக் கோயில் படிக்கட்டு வரைக்கும் வந்திச்சு."

"அந்தக் காலத்துல அலை எப்பவுமே படிக்கட்டுலதானே அடிச்சுது" என்றாள் எஸ்தாக்கி. "எங்க ஆத்தா சொல்லியிருக்கா. இப்ப கடல் எங்கேயோ போயிட்டு. அங்கேருந்து இங்க ஏலத்துக்கு மீன் சுமந்தே என் கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு."

"கதையைக் கேளு புள்ள. வெள்ளைக்கரடி நம்ம கடலுக்கு வந்தப்போ நங்கூரம் அடியில மாட்டிக்கிட்டு. மாலுமியெல்லாம் சேர்ந்து இழுத்தான். கப்பல் அசையல. இலங்கை லேசா ஆடிச்சு. அப்பதான் முத்துக் குளிக்கிற என் பூட்டனைக் கூப்பிட்டாங்க. வாயில வெத்தலையோட குதிச்சார். நங்கூரத்தைக் கழட்டிவிட்டு வந்தார்."

"வெத்தலை நனையலையா?" என்றார் ரெமிஜியூஸ் வாத்தியார். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். என்னை நம்பாதவர்களில் இரண்டாவது ஆள்.

"உள்ள மூச்சே விடலியே வாத்தியாரே, வாயைத் திறந்தாத்தானே நனையும்? மேல வந்துதான் துப்பினார். ருஷ்யத் தளபதி அந்த இடத்துலயே அவரைக் கப்பலுக்குப் பெரிய தண்டலா ஆக்கிட்டான். தண்டல்னா, சாமி, கப்பலை ஓட்டுறவர். அப்புறம் வடக்க ஒரு கடலுக்குப் போனாங்க. கடல் உறைஞ்சு கல்லாக் கிடக்கு. பீரங்கி வச்சுச் சுட்டான், விரிசல்கூட விழல. என் பூட்டன், வீட்டுல அரைச்சுக் கொடுத்துவிட்ட மிளகாயைப் போட்டு ஒரு சூரைமீன் குழம்பு வச்சார். கப்பல் மூக்குல நின்னு ஒரே ஒரு கரண்டி ஊத்தினார். பனிக்கட்டி 'அய்யோ'ன்னு கத்திக்கிட்டு ரெண்டா விலகி வழி விட்டுது. அந்த வாசனைக்கு எதிரியான துருக்கிக் கப்பல் அத்தனையும் பின்னாலயே வந்திச்சு. ஒவ்வொருத்தனும் கொடியை இறக்கிட்டு, சோறு இருக்கான்னு கேட்டான்."

"துருக்கி தெக்க இருக்குவே. அங்க எப்படி வந்தான்?" என்றார் வாத்தியார்.

"வாசனை தெக்க வரைக்கும் போச்சு."

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற மச்சாது அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அந்தக் குழம்புல உப்பு சரியா இருந்துச்சா வே?"

கூட்டம் சிரித்தது. சாமிக்குக் காரணம் தெரியாது, அவரும் சிரித்தார். எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. குழம்பை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்; நிஜமாகவே இரண்டு கையாலும்.

"இந்த மரத்தைப் பாருங்க! எதிரி சுட்ட குண்டு இதுமேல பட்டா மரம் மெதுவா வளையும், பிறகு நிமிரும். குண்டு திரும்பி, சுட்டவன் வீட்டுக்கே போயிரும்."

"சுட்டவன் கப்பல்லல்லா இருப்பான்?" என்றாள் எஸ்தாக்கி.

"அதான் வீட்டுல யாரும் சாகல. அப்புறம் காத்தே இல்லாம வெள்ளைக்கரடி மாசக்கணக்கா நடுக்கடல்ல நின்னுட்டு. தளபதி அழறான். என் பூட்டன் குளிச்சுட்டு, மரத்துல ஏறி ஈரத் துண்டைக் காயப்போட்டார். அவ்வளவுதான். எங்கேயோ இருந்த காத்தையெல்லாம் இந்த மரம் உறிஞ்சி இழுத்து, கப்பல் பறந்துட்டு! பின்னால வந்த மீனெல்லாம் மூச்சு வாங்கி நின்னுட்டு. கடைசியில கப்பல் கிழடாகி வேலையை விட்டப்போ, ருஷ்ய ராஜா என் பூட்டனைப் பாத்து, பாதி நாடு வேணுமா, மீதி நாடு வேணுமான்னு கேட்டார். இவர், 'எனக்கு மரம் போதும், எங்க ஊர்க் கொடிமரம் புயல்ல விழுந்துட்டு'ன்னார். மரத்துல கயித்தைக் கட்டி, அந்தக் கயித்தைப் பல்லுல கடிச்சிக்கிட்டு நீந்தியே ஊருக்கு வந்தார்."

"ருஷ்யாவுலேருந்து பல்லுலயா?" வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பின்னே, எங்க குடும்பத்துல எவனுக்கும் முன்பல்லு ஏன் இல்ல?" என்று வாயைத் திறந்து காட்டினேன். சாமி எட்டிப் பார்த்தார். இல்லைதான்.

கூட்டம் என் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. மச்சாது கட்டிய கையை அவிழ்த்தான்.

"சாமி, நான் கயித்தான் சொல்றதை அப்படியே நம்புறேன்" என்றான். அவன் என்னை நம்பியதே கிடையாது. "ஒரு ஈரத் துண்டுக்கே கப்பலைத் தூக்கிட்டுப் பறந்த மரம். இதுல நம்ம பத்து முழக் கொடியை ஏத்துறோம். கொண்டல் காத்து கடல்லேருந்து வீசுற நேரம் பாத்து ஏத்துறோம். நடுப்பூசையில கோயில் கிளம்பிட்டா என்ன செய்வீங்க? எனக்குப் பயமா இருக்கு சாமி. குழாய்தான் பத்திரம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் மச்சாதுக்குக் கை கொடுத்தார். மூன்று தலைமுறையாகப் பிடித்த கயிறு என் கையை விட்டு நழுவுவது எனக்குத் தெரிந்தது.

"கிளம்பிட்டாவா?" என்றேன். "அட விவரம் கெட்டவனே, அது கிளம்பி எத்தனையோ வருஷம் ஆச்சு! எஸ்தாக்கி, உங்க ஆத்தா காலத்துல அலை எங்க அடிச்சுது?"

"படிக்கட்டுல."

"இப்ப கடல் எங்க?"

"அதோ, கண்ணுக்கெட்டாத தூரத்துல."

"கடல் எங்கேயாவது நகருமா? கோயில்தான் நகருது! வருஷா வருஷம் கொடி ஏறினதும் கொண்டல் காத்துல கோயில் மேற்கே பாயுது. கொஞ்சத்தோட ஏன் நிக்குது தெரியுமா? கயித்தைத் தளர்த்திப் பிடிக்க எங்க வீட்டுக் கைக்குத்தான் தெரியும். இவன் கையில கயிறு இருந்திருந்தா, சாமி, நீங்க இந்நேரம் திருநெல்வேலியில பூசை வச்சிட்டிருப்பீங்க!"

மச்சாதுக்குக் கொடுத்த கையை வாத்தியார் விலக்கிக்கொண்டார். சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் என்று மச்சாது இன்றைக்கும் சொல்கிறான். பக்தியால் வந்தது என்பது என் எண்ணம்.

"திருநெல்வேலியில எனக்கு இடம் கிடையாது" என்றார் சாமி. "அதனால உளுத்த அடியை அறுத்துட்டு, மரத்தை மச்சாது குழாய்ல சொருகி நிறுத்துங்க. கயிறு மோத்தா வீட்டுக்கே இருக்கட்டும்."

என் மரம் மேலே, மச்சாது குழாய் கீழே. மண்ணுக்குள் போகிற குழாய். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

"மாமா, கொஞ்சம் நில்லும்" என்றாள் எஸ்தாக்கி. "இத்தனை வருஷமும் கயித்தைப் பிடிச்சது உங்க வீட்டு ஆளுங்கதானே?"

"எங்களைத் தவிர ஒருத்தன் தொட்டதில்ல!" என்றேன்.

"அப்போ கோயிலை இவ்வளவு தூரம் கொண்டுவந்து நிறுத்தினதும் நீங்கதான். வாசல்லதானே ஏலம்? இது கடலோரத்துலயே இருந்திருந்தா என் கழுத்து தேஞ்சிருக்காது." கவிழ்த்துப் போட்ட கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "திங்கக்கிழமையிலேருந்து நீரே சுமந்துட்டு வாரும்."

சாமியைப் பார்த்தேன். "நியாயம்தானே, கயித்தான்?" என்றார். கதையைப் பொய் என்று சொன்னால் கயிறு போய்விடும். தலையை ஆட்டினேன்.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. கொடியை நான்தான் ஏற்றினேன். வேண்டுமென்றே கயிற்றை நன்றாகத் தளர்த்திப் பிடித்தேன். இனிமேல் ஓர் அடி நகர்ந்தாலும் நான்தான் சுமக்க வேண்டும்.

கூடை கனமெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ருஷ்யாவிலிருந்து மரத்தையே இழுத்துவந்த குடும்பம். ஆனால் மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நெற்றியில் வழிந்து, முன்பல் இல்லாத சந்து வழியாக நேராக வாய்க்குள் போகிறது. அந்த நேரம் பார்த்து மச்சாது தினமும் கடை வாசலுக்கு வந்து நிற்பான்.

"என்ன வே, உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்பேன் நிற்காமல். "அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு."