மாலை போட்ட மூணு பேரும் ஒரு அருவாளும்

ஒரு வழக்கு சொல்றேன். கேட்டுட்டு நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்.

வாழைத்தார் மண்டியில சுமை தூக்குற மூணு பேரு ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தாங்க. வீரமணி, செல்லப்பாண்டி, மூக்கையா. அவங்களுக்கு குருசாமி, லாரி டிரைவர் பரமசிவம். மாலை போட்டுவிடும்போதே சொல்லிட்டாரு:

"மலைக்குப் போறது ரெண்டு நாள். மிச்ச நாளெல்லாம் இந்த மண்டிக்குள்ளதான். விரதத்த இங்க காட்டுங்க. ஆத்திரத்துல கை ஓங்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, எவனா இருந்தாலும் சாமின்னு கூப்பிடணும். தவறுனா இருமுடி கட்டிவிட மாட்டேன்."

வையாம ஒரு தாரு கூட லாரிய விட்டு இறங்காத மண்டி அது. இருந்தும் நாப்பது நாள் ஓட்டிட்டாங்க. "கால மிதிக்கிறீங்க சாமி"ன்னு அவங்க பேசுறதக் கேட்டு வியாபாரிங்களுக்கே ஒரு மாதிரி பயமாயிருச்சு.

நாப்பத்தொண்ணாம் நாள் காலையில கொம்பையா அருவாளோட உள்ள வந்தான். அவன் தங்கச்சிய அடிச்சு விரட்டுன அவ புருஷன் சுயம்பு, அங்க தார் அடுக்கிட்டிருந்தான்.

செல்லப்பாண்டி மறிச்சாரு. "அருவாளக் கீழ போடுங்க சாமி."

"நீ தள்ளிக்க சாமி. உன்ன வெட்டுனா எனக்குப் பாவம்"னான் கொம்பையா.

செல்லப்பாண்டி தள்ளிக்கிட்டாரு.

மொத வெட்டு சுயம்பு தோள்ல எலும்பு தெரிய இறங்குச்சு. அடுத்தது கழுத்துக்கு வந்தப்ப மூக்கையா வெறுங்கையால அருவாளப் பிடிச்சாரு. ரெண்டு விரல் பாதி அறுந்து தொங்குச்சு. நாப்பது நாளா அடக்கி வச்ச கெட்ட வார்த்தையெல்லாம் மொத்தமா வெளிய வந்துச்சு. கொம்பையாவோட மூணு தலைமுறைக்கும் பங்கு கிடைச்சது.

வீரமணி ஒரு இரும்புக் கம்பிய எடுத்து கொம்பையா மணிக்கட்டுல போட்டாரு. எலும்பு ஒடிஞ்சு அருவாள் விழுந்துச்சு. அவன் சரிஞ்சு விழுந்த பிறகும் கம்பி நிக்கல. மண்டை உடைஞ்சு, பல்லு ரெண்டு தெறிச்சுப் போச்சு. மூக்கையா வைதுகிட்டே கொம்பையா மேல குறுக்க விழுந்து மறைச்சாரு. அப்புறம் துண்டப் பல்லால கிழிச்சு சுயம்பு தோள இறுக்கிக் கட்டினாரு.

ரெண்டு பேரும் பொழச்சாங்க. ஒருத்தன் ஆஸ்பத்திரியில. இன்னொருத்தன் அதே ஆஸ்பத்திரியில, போலீஸ் காவலோட.

இருமுடி கட்டுற நாள் மூணு பேரும் குருசாமி முன்னால வந்து நின்னாங்க.

"நான் அடிக்கலேன்னா ஒரு உயிரு போயிருக்கும் சாமி"ன்னாரு வீரமணி.

"வாய் தவறிருச்சு சாமி. கட்ட மாட்டேன்னா சரி"ன்னாரு மூக்கையா.

செல்லப்பாண்டி சொன்னாரு: "நான் கை ஓங்கல, வாய் தவறல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு சரணம் சொல்லிட்டே நின்னேன். சாமியத் தவிர ஒண்ணும் தெரியல. வீரமணி சாமி அப்படியா? அருவாள் விழுந்த பிறகும் ஏழு அடி. கடைசி அடி மூக்கையா சாமி முதுகுல."

குருசாமி யோசிச்சாரு. "ஒருத்தர்தான் விரதத்தக் காப்பாத்தியிருக்காரு. அவருக்கு மட்டும் கட்டுறேன்."

அது யாரு?

விடை: கண்ண மூடினவருக்கு அடி எண்ணிக்கையும், அது விழுந்த இடமும் எப்படித் தெரிஞ்சது? செல்லப்பாண்டி எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் நின்னாரு. பயத்துக்கு சரணம்னு பேரு வச்சிட்டாரு. வீரமணியோட மொத அடி உயிரக் காப்பாத்துச்சு, மிச்ச ஏழும் அவரோட சொந்த ஆத்திரம். மூக்கையா அந்த நேரத்துல யாரையும் சாமின்னு கூப்பிடல. ஆனா வெட்டுப்பட்டவனுக்கும் வெட்டுனவனுக்கும் ஒரே மாதிரி குறுக்க விழுந்தாரு. அவருக்குத்தான் கட்டினாரு. இருமுடியப் பிடிக்கப் போன கையில தையல் இழுத்து வலிச்சப்ப மறுபடி ஒரு வார்த்தை வந்துச்சு. குருசாமி காது கேக்காத மாதிரி சரணம் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு.