மோருக்கும் தேனுக்கும் பிறகு ஒரு ‘டூ’

முன்னொரு காலத்தில் நீர்முள்ளிச் சீமையைக் கார்மேகத் தேவர் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது சும்மா பேச்சு. பாதி நாள் ஏரிப்பனியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அரசவையே படகில்தான். கப்பல்கார வெள்ளைக்காரன் ஒருவன் வந்துபோனதிலிருந்து இன்னொரு கிறுக்கும் சேர்ந்தது: பனி விலகும்வரை எல்லாரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ‘மோர்’, ‘தேன்’ இரண்டும் வந்தால் ஒன்றைவிட இன்னொன்று ஒசத்தி. அவ்வளவுதான் அந்த அவைக்குத் தெரிந்த இலக்கணம்.

அன்று பனி பாலாய் இறங்கியிருந்தது. படகு தண்ணீரில் போகிறதா, மேகத்தில் போகிறதா என்றே தெரியவில்லை. மந்திரி வெயிலுகந்தானுக்கு மனசு குழைந்துவிட்டது. ராஜாவைவிடத் தனக்குத்தான் இந்த ஏரிமேல் ஆசை என்று சொல்லத் தோன்றியது. சொன்னார்: “ஐ லவ் திஸ் லேக் மோர் தேன் யூ.”

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷி சேஷாசலம் ராஜாவின் காதில் குனிந்தார். “கேட்டீர்களா மகாராஜா? உங்கள்மேல் உள்ள ஆசையைவிட ஏரிமேல்தான் அதிகமாம். உப்பிட்டவர் இரண்டாம்பட்சமாம்!”

கோபம் வந்தால் ராஜாவுக்குத் தமிழ்தான். “பனி விலகும்போது நீர் என் எல்லைக்குள் இருக்கக் கூடாது!”

கடைசியில் ‘டூ’ போட மறந்தது மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. ‘மோர் தேன் யூ டூ’ என்றிருந்தால், நீங்கள் ஆசைப்படுவதைவிட என்று ஆகியிருக்கும். இப்போது விளக்கினால் யார் நம்புவார்? அதற்குள் கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

“போகிறேன் மகாராஜா. ஓய் துபாஷி, ராஜாமேல் உமக்கு எவ்வளவு பிரியம்? இதோ ராணியம்மா இருக்கிறார்களே, அவர்களுக்கு இருக்கிற அளவாவது உண்டா? பனி இன்னும் முழுக்க விலகவில்லை, இங்கிலீஷிலேயே சொல்லும்.”

ராணியின் பிரியமெல்லாம் தன் பிரியத்துக்கு முன் தூசு என்று காட்ட வேண்டாமா? துபாஷி நெஞ்சை நிமிர்த்தினார். “ஐ லவ் த கிங் மோர் தேன் த குயின்!”

“அடேயப்பா! ராஜாமேல் ஜாஸ்தி, ராணியம்மாமேல் கொஞ்சம் கம்மி. அப்போ அவர்கள்மேலும் உண்டு?” என்றார் மந்திரி.

ராணி தாமரையால் முகத்தை மூடிச் சிரித்தாள். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

“ஐயோ மகாராஜா! ராணியம்மா உங்களை நேசிப்பதைவிட என்றுதான் சொல்ல வந்தேன். கடைசியில் ஒரு ‘டஸ்’ விட்டுப்போச்சு!”

“எனக்கு ஒரு ‘டூ’ விட்டுப்போச்சு,” என்றார் மந்திரி. “அதற்கு நாடு கடத்தல். இதற்கு என்ன மகாராஜா?”

ராஜா படகு ஆடச் சிரித்தார். முத்துமாலை மந்திரியின் கழுத்துக்குப் போனது. துபாஷியோ தினமும் படகு முனையில் நின்று, பனி விலகும்வரை ‘டூ, டஸ்’ என்று கூவ வேண்டியதாயிற்று. கொக்குகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

பிறகு ராஜா மந்திரியிடம் மெல்லக் கேட்டார். “உண்மையைச் சொல்லும். ஏரியா, நானா?”

“இங்கிலீஷில் சொல்லட்டுமா மகாராஜா?”

“வேண்டாமய்யா. பேசாமல் பனியைப் பாரும்.”